விலகும் உரிமையும் விலகச் சொல்லும் அறிவுரையும்

மோசமான முதலாளியிடம் அகப்பட்டுக்கொண்டவருக்கு வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் பத்திரிகைப் பத்திகளிலும் மேலாண்மை வகுப்புகளிலும் இன்று கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: பிடிக்கவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே. சம்பளம் தேதி தப்பி வருகிறது, மேலாளர் பலர் முன்னிலையில் ஏசுகிறார், எட்டு மணி நேரம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள் என்று எந்தக் குறையைச் சொன்னாலும் பேச்சு இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. இவ்வறிவுரைக்குப் பின்னால் ஒரு கோட்பாடும் இருப்பதால், அதன் வலுவான வடிவத்தை எடுத்துக்கொண்டு மறுப்பதே முறையாகும். வேலை என்பது இருவர் விரும்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஒருவருக்கு அது கசந்தால் முறித்துக்கொண்டு போகலாம். ஆட்கள் விலகிக்கொண்டே இருந்தால் கெட்ட முதலாளி ஆள் கிடைக்காமல் திணறித் தம்மைத் திருத்திக்கொள்வார், அல்லது தொழிலை இழப்பார். ஆகவே சங்கமோ ஆய்வாளரோ புதிய சட்டமோ வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் தமக்கேற்ற இடத்தைத் தேடிக்கொண்டால் போதும் என்பதே அக்கோட்பாடு.

வேலையை விட்டு விலகும் உரிமை மனிதர் போராடிப் பெற்ற பெரும் உரிமைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அந்த உரிமையை மதிப்பவர்களே இந்த அறிவுரையை ஏற்க இயலாது. ஏனெனில் விலகும் உரிமையை நடைமுறையில் பூட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலாளிகளே. அது எப்போதாவது உண்மையாகவே தொழிலாளியின் கைக்கு வந்தால் முதலில் முறையிடுபவர்களும் அவர்களே. முதலாளி செய்யும் தவற்றுக்கான செலவு முழுவதையும் தொழிலாளியின் தலையில் ஏற்றுவதே இந்த அறிவுரையின் விளைவு.

தொழிலாளி விரும்பியபோது விலகலாம் என்னும் நிலை இயற்கையாக வந்ததன்று. கல்கத்தா வணிகர்களின் வற்புறுத்தலால் 1859ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 13ஆம் எண் சட்டம், முன்பணம் வாங்கிய கைவினைஞரோ தொழிலாளியோ வேலையை முடிக்காமல் விலகினால் நீதித்துறை நடுவர் அவரைப் பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடித்துத் தரவோ உத்தரவிடலாம், மறுத்தால் சிறையில் அடைக்கலாம் என்று வகுத்தது. 1920களின் நடுப்பகுதியில் நீக்கப்படும் வரை அச்சட்டத்தின் கீழ், முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அது உரிமையியல் வழக்காகவும் தொழிலாளி மீறினால் குற்றமாகவும் கருதப்பட்டது. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பூட்டு இன்னும் நுட்பமாக இருந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச்சென்ற தொழிலாளிகள், வழிச்செலவு தொடங்கி அரிசி, கம்பளி வரை எல்லாம் கடனாகப் பற்றெழுதப்பட்ட நிலையில் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவர் பெயரில் உள்ள கடன் இவ்வளவு, இதைச் செலுத்துபவரிடம் இவரை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்து நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ அவர் கையில் இருக்க வேண்டும். துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. கடனோடு ஆளும் கைமாறிய அந்த முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் விலக்கப்பட்டது.

நூறாண்டு கழித்துத் தமிழ்நாட்டின் அலுவலகங்களில் வேறு பெயரில் அதே காகிதம் நிற்கிறது. பணியிலிருந்து முறையாக விடுவிக்கப்பட்டார் என்று பழைய நிறுவனம் தரும் ‘ரிலீவிங் லெட்டர்’ இல்லாமல் ஒரு மென்பொருள் பணியாளரோ வங்கி விற்பனைப் பிரதிநிதியோ தனியார் கல்லூரி ஆசிரியரோ மற்றோர் இடத்தில் சேர முடிவதில்லை. சேர்ந்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு என்ற பெயரில் பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு அழைப்புப் போகிறது. எவருடைய நடத்தையால் ஒருவர் விலகுகிறாரோ, அவருடைய கையெழுத்தே அவருக்கு அடுத்த வேலையின் கதவைத் திறக்கும் சாவியாக இருக்கும்போது, அந்தக் கையெழுத்துக்காக நிலுவைச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பவர்களும், குறையை எழுத்தில் வைக்காமல் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பவர்களும் ஏராளம். அப்படி எழுதப்பட்ட கடிதங்கள் கோப்புகளில் சேரச்சேர, அந்நிறுவனத்தில் குறையே இல்லை என்பதற்கான சான்றாகவும் அவை மாறிவிடுகின்றன.

அறிவிப்புக் காலத்தின் கதையும் இதுவே. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது என்றும், காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும் என்றும் முதலாளிக்கு விதிக்கிறது. ஆனால் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் பணி ஆணைகளில் விலக விரும்பும் பணியாளர் கொடுக்க வேண்டிய ‘நோட்டீஸ் பீரியட்’ தொண்ணூறு நாள் என்பது வழக்கமாகிவிட்டது. அதே நிறுவனங்கள் ஆளெடுக்கும்போது ‘உடனே சேரக்கூடியவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்று விளம்பரம் செய்கின்றன. தம்மிடமிருந்து போகிறவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், பிறரிடமிருந்து வருகிறவர் நாளையே வர வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் கேட்டால், இரண்டு விதிகளுக்கும் நடுவில் நசுங்குபவர் வேலை தேடுபவர் மட்டுமே. புதிய இடம் காத்திருக்க மறுத்து வாய்ப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட, பழைய இடத்தில் விலகல் கடிதமும் ஏற்கப்பட்டுவிட்ட நிலையில் இரண்டு கரைகளையும் இழந்து நிற்பவர்கள் இத்துறையில் எப்போதும் உண்டு.

இவற்றைவிடக் கொடியது அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் வழக்கம். தனியார் பொறியியல் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் சேரும் நாளில் சரிபார்ப்புக்கு என்று வாங்கப்படும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் முதல் பட்டச் சான்றிதழ் வரையிலான கட்டு நிர்வாக அலுவலகத்தின் இரும்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆசிரியர் விலக நினைத்தால் பருவத்தின் நடுவில் விட மாட்டோம், மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். ஒருவருடைய கல்வித் தகுதிக்கான சான்றின் மீது முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை. அது அடகுப் பொருளும் அன்று. எனினும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, வழக்கறிஞரைப் பிடித்து, நீதிமன்றம் போய் அதை மீட்கும் காலத்துக்குள் அடுத்த வேலைக்கான நேர்காணல் முடிந்துபோயிருக்கும். கேரளத்தில் 2011–12ஆம் ஆண்டுகளில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் நடத்திய வேலைநிறுத்தங்களில் ஊதிய உயர்வோடு, குறித்த காலத்துக்கு முன் விலக மாட்டேன் என்று எழுதி வாங்கும் பணிப் பத்திர முறையை ஒழிக்க வேண்டும் என்பதும் முதன்மைக் கோரிக்கையாக இருந்ததற்கு இதுவே காரணம்: விலகுவதற்கான உரிமையைப் பெறவே அவர்கள் விலகாமல் நின்று போராட வேண்டியிருந்தது.

சட்டம் தொழிலாளியின் பக்கமே இருக்கிறது என்று இங்கே மறுமொழி வரக்கூடும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தமக்கு உரிய தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் கட்டுப்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வேலை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. வேலையில் இருக்கும் காலத்தில் விதிக்கப்படும் கட்டுப்பாடுகளுக்கு நீதிமன்றங்கள் தாராளமாக இடம் தருகின்றன. மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி எழுதி வாங்கிய பத்திரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் கூறியது. பொதுத்துறை வங்கி வெளிப்படையான தேர்வு நடத்தி ஆளெடுப்பதற்கு ஆகும் செலவு அத்தீர்ப்பில் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது என்பது உண்மையே. எனினும் அந்தக் காரணம் பொருந்தாத தனியார் நிறுவனங்கள், பயிற்சி என்ற பெயரில் பத்து நாள் காணொளி காட்டிவிட்டு அதே பத்திரத்தை நீட்டும்போது, இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்கு வரும் பட்டதாரி எந்த ஒப்பந்தச் சட்டத்தைச் சொல்லிக் கையெழுத்திட மறுப்பார்?

பூட்டு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில், கூலியை உயர்த்தாமலிருக்க முதலாளிகள் எங்கும் எப்போதும் வாய்திறவாத உடன்பாட்டில் இருக்கிறார்கள் என்றும், தகராறு வந்தால் முதலாளியால் ஓரிரு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும், தொழிலாளிகளில் பலரால் ஒரு வாரம்கூட முடியாது என்றும் விளக்கினார். கட்டற்ற சந்தையின் ஆசானாகப் போற்றப்படும் அவரே இதைச் சொல்லியிருக்க, அவரைப் பின்பற்றுவதாகச் சொல்பவர்கள் இரு தரப்பும் சமமான பலத்தோடு பேரம் பேசுவதாக எழுதுவது வேதனைக்குரியது. அந்த உடன்பாடு பழங்காலத்துச் செய்தியும் அன்று. ஒருவர் மற்றவரின் பொறியாளர்களை அழைத்து வேலை கொடுப்பதில்லை என்று ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்ளிட்ட நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை 2010இல் நடவடிக்கை எடுத்தது. பணியாளர்கள் தொடுத்த வழக்கில் நான்கு நிறுவனங்கள் 41.5 கோடி டாலர் கொடுக்க 2015இல் இணங்கின. உலகிலேயே எளிதாக வேலை மாறக்கூடியவர்கள் என்று கருதப்பட்ட பொறியாளர்களின் நிலையே இதுவாக இருந்தது.

இனி, விலகும் வாய்ப்பு உண்மையாகவே பெருகியபோது நடந்ததைப் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு நூறு நாள் வேலை தருவதாக உறுதியளித்தது. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், சிவகங்கை, திண்டுக்கல் ஆகிய மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் அது விரிந்தது. நிலவுடைமையாளர் தரும் கூலிக்கு மாற்றாக வேறொரு கூலி ஊருக்குள்ளேயே கிடைத்தது. அதனால் களையெடுப்புக்கும் நடவுக்கும் கூலியை உயர்த்த வேண்டிய நெருக்கடி வந்தது. ‘நூறு நாள் வேலை வந்து வயல் வேலைக்கு ஆளே வருவதில்லை, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்’ என்ற புகார் அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. பிடிக்காத வேலையை விட்டு வேறு வேலைக்குப் போ என்பதுதான் அறிவுரை என்றால், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் செய்தது அதைத்தானே? இதேபோல் 2021–22ஆம் ஆண்டுகளில் மென்பொருள் துறையில் ஆள் தேவை திடீரென்று பெருகிப் பணியாளர்கள் கூட்டம்கூட்டமாக இடம் மாறியபோது, இளைஞர்களுக்கு விசுவாசமில்லை, வேலைக்கு வேலை தாவுகிறார்கள் என்ற விமர்சனமே எழுந்தது. கைக்கெட்டாதபோது பரிந்துரைக்கப்பட்டுக் கைக்கெட்டியவுடன் குற்றமாக்கப்படும் உரிமையை உரிமை என்று எப்படிச் சொல்வது?

பொருளியலில் இதை விளக்கும் கருத்து ஒன்று உண்டு. விற்பவர் ஒருவராகவும் வாங்குபவர் பலராகவும் இருந்தால் அது முற்றுரிமை. அதற்கு எதிர்மாறாக, உழைப்பை வாங்குபவர் ஒருவரோ சிலரோ மட்டும் இருந்து விற்பவர் பலராக இருக்கும் நிலையை, வாங்குநர் ஆதிக்கம் என்று கொள்ளலாம். ஜோன் ராபின்சன் 1933இல் வெளியிட்ட தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்து, இந்நிலையில் முதலாளி சந்தை விலையை ஏற்பவராக இருப்பதில்லை, கூலியைத் தாமே தீர்மானிக்கும் வலிமை பெற்றவராகிறார் என்று காட்டினார். நகரம் ஒன்றில் ஆயிரம் நிறுவனங்கள் இருந்தாலும், இரண்டு தனியார் மருத்துவமனைகள் மட்டும் உள்ள ஒரு தாலுகாத் தலைநகரில் வயதான மாமியாரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் விட்டு வெளியூர் போக முடியாத செவிலியருக்கு இருப்பவர்கள் இரண்டே முதலாளிகள். அவ்விருவரும் ஒரே சங்கக் கூட்டத்தில் தேநீர் குடிப்பவர்களாக இருந்தால் ஒருவர் என்றே கொள்ளலாம்.

வேலை தேடுதல் என்னும் செயல் எப்படி நடக்கிறது என்பதை அறிவுரை சொல்பவர்கள் நின்று கவனிப்பதில்லை. நேர்காணல்கள் வேலை நாட்களில், வேலை நேரத்தில் வைக்கப்படுகின்றன. விடுப்புக் கொடுக்காத முதலாளியிடம் இருப்பவரோ உறவினர் இறந்துவிட்டதாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, அல்லது படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று தாழ்ந்த குரலில் தொலைபேசி நேர்காணலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வான பிறகு கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். அந்தத் தொகையின் மேல் இத்தனை விழுக்காடு உயர்வு என்றே புதிய சம்பளம் பேசப்படுவதால், பழைய முதலாளி குறைத்துக் கொடுத்த சம்பளம் புதிய முதலாளியின் கணக்கிலும் அடிப்படைத் தொகையாகிவிடுகிறது. அநியாயத்தை விட்டு விலகிவந்தவர் அதன் அளவையும் கையோடு சுமந்துகொண்டு வருகிறார். வேலையை விட்டுவிட்டுத் தேடினால் ‘இடைவெளி ஏன்’ என்ற கேள்வி; விடாமல் தேடினால் கண்டுபிடிக்கப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கும் குழந்தை பெற்றுத் திரும்பும் பெண்ணுக்கும் இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகின்றன.

விலகுபவர் விட்டுச்செல்வதையும் கணக்கிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கே ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை அளித்தது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்திருந்தாலும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தளர்த்திச் சொன்னது. ஆனால் மூன்றரை ஆண்டில் முதலாளியின் கொடுமை தாங்காமல் விலகியவருக்கு அதனால் பயனில்லை. மகப்பேறு நலச் சட்டம் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. எனினும் பேறுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அதே முதலாளியிடம் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், கருவுற்ற பெண் மோசமான நிறுவனத்தை விட்டு மாறினால் இரு பக்கமும் இழக்கக்கூடும். இந்தியாவில் எல்லாருக்குமான வேலையின்மைக் காப்பீடு இல்லை. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியம் பெறுவோருக்கான ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் 2018இல் தொடங்கப்பட்ட உதவியும், வேலையிழந்தவருக்குச் சராசரி ஊதியத்தில் ஒரு பங்கை அதிகபட்சம் 90 நாளுக்கே தருகிறது; விருப்ப ஓய்வு பெற்று வெளியேறியவருக்கு அது கிடையாது. இவையெல்லாம் முறைசார்ந்த வேலையில் இருப்பவர்களின் கவலைகள். நாட்டின் தொழிலாளர் கணக்கெடுப்புகளின்படி மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களே உழைப்போரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். வேளாண்மைக்கு வெளியே உள்ள அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் எழுத்திலான பணி ஒப்பந்தம் இல்லை.

திண்டுக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர் வட்டாரங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் பெற்ற ஏற்பாடு, விலகுவதற்கான விலை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டியது. ஏழைக் குடும்பங்களின் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டுப் பயிற்சியாளர் என்று சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, அன்றாடக் கூலியைக் குறைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கொடுப்பார்கள். அந்த மொத்தத் தொகை அவர்களுக்கு நாள்தோறும் வந்திருக்க வேண்டிய கூலியே. இரண்டரை ஆண்டில் பஞ்சுத்தூசியால் மூச்சுத்திணறல் வந்து ஒரு பெண் வீடு திரும்பினால் அதுவரை பிடித்துவைக்கப்பட்டதும் போய்விடும். அவளிடம் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்வது, அவள் ஏற்கெனவே செய்து முடித்த உழைப்பை ஆலைக்கு இனாமாகக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்வதே.

இதுவரை சொன்ன தடைகள் அனைத்தும் நீங்கிவிட்டன என்றே வைத்துக்கொண்டாலும் இந்த அறிவுரை தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு தொழில் முழுவதும் ஒரே குறை நிலவினால், ஒரு முதலாளியை விட்டு மற்றொருவரிடம் போவதால் என்ன மாறும்? ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது தமிழ்நாட்டில் எழுதாத சட்டமாக இருந்தது. வாடிக்கையாளர் இல்லாத பிற்பகலிலும் சேலை அடுக்குகளுக்கு முன்னால் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் கண்காணிப்பாளர் வருவார், கேமராவில் தெரிந்தால் அபராதம். கெண்டைக்கால் நரம்புகள் சுருண்டு புடைப்பதும், இரவில் விடுதிக்குத் திரும்பி வீங்கிய பாதத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், சிறுநீர் கழிக்கப் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் அவ்வேலையின் பகுதிகளாகவே இருந்தன. வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ 2010இல் வெளிவந்து ரங்கநாதன் தெருக் கடைகளின் இந்த வாழ்க்கையை ஊரறியச் செய்தது. அத்தெருவில் ஒரு கடையை விட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். எந்தக் கடையிலும் அவர்களுக்கு ஒரு முக்காலி கிடைக்கவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் ‘பெண்கூட்டு’ அமைப்பு பல்லாண்டு போராடியதன் விளைவாக 2018இல் அங்கே சட்டம் திருந்தியது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் எல்லாக் கடைகளும் நிறுவனங்களும் பணியாளருக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பல்லாண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் கடை மாறிக்கொண்டிருந்தும் கிடைக்காத இருக்கை, நின்ற இடத்தில் நின்று கேட்டபோது கிடைத்தது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய சிறு நூல் இந்த வேறுபாட்டுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதில் உள்ளவர்களுக்கு இரு வழிகள் இருக்கின்றன: ஒன்று வெளியேற்றம், அதாவது சத்தமில்லாமல் விட்டுப்போவது, மற்றது குரல், அதாவது உள்ளேயிருந்து தவற்றைச் சுட்டி மாற்றக் கேட்பது. அமைப்பின்பால் உள்ள பற்று இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதைப் பாதிக்கிறது. அவருடைய நூலின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு, வெளியேற்றம் எளிதாக இருக்கும்போது குறையை முதலில் உணர்ந்து பேசக்கூடியவர்களே முதலில் போய்விடுகிறார்கள் என்பது. போக வழியில்லாதவர்கள் எஞ்சுகிறார்கள். சீர்கேடு மேலும் வலுக்கிறது. அலுவலகங்களை அறிந்தவர்கள் இதை நாள்தோறும் காண்கிறார்கள்: துணிந்து கேட்கக்கூடிய மூத்த பணியாளர் விலகியவுடன் மேலாளர் திருந்துவதில்லை, நிம்மதியடைகிறார். அந்த இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் புதியவர் ஒருவர் வருகிறார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். விசாரணைக் காலத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மூன்று மாதம் வரை விடுப்போ, அவருக்கோ குற்றம் சாட்டப்பட்டவருக்கோ இடமாற்றமோ வழங்க அச்சட்டம் வழி செய்தது. துன்புற்றவர் வேலையை இழக்காமலே பாதுகாக்கப்பட வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

தமிழ்நாட்டின் தொழிலாளர் வரலாறு முழுவதும் விலகாமல் நின்றவர்களின் வரலாறு. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் வேலையை நிறுத்தியது கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்குமாக. கோரிக்கைகளை நிர்வாகம் ஏற்க வேண்டியதாயிற்று. பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியாலும் பி.பி. வாடியாவின் தலைமையாலும் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், மதிய உணவு இடைவேளையைச் சற்று நீட்டித் தாருங்கள் என்பது போன்ற மிக எளிய கோரிக்கைகளோடு தொடங்கிற்று. அச்சங்கத்துக்கு எதிராக ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றதே, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையை நாடெங்கும் எழுப்பி 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வரை கொண்டுசென்றது. அண்மையில் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்து ஏற்க வேண்டும் என்பதாகும். நிறுவனத்தின் எதிர்ப்பைத் தாண்டி, உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகு, 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அந்த நாட்களிலும் வேலை பிடிக்கவில்லை என்றால் விலகிப் போகட்டும், வரிசையில் நிற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற குரல் பரவலாகக் கேட்டது. வரிசையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்பது உண்மையானால் வேறு வேலை எளிதில் கிடைக்காது என்பதும் உண்மையாகிறது. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்பவர்கள் தம் கூற்றையே மறுக்கிறார்கள்.

ஒருவருடைய நலனை மட்டும் நினைத்துப் பார்த்தால் சில சமயம் விலகுவதே சரியான முடிவு என்பதை மறுக்க வேண்டியதில்லை. உடல்நலம் கெடும் அளவுக்கு வதைபடும் தம்பியிடம் அக்கா, இந்த வேலை வேண்டாம், வந்துவிடு, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதில் அன்பும் பொறுப்பும் இருக்கின்றன. அடுத்த வேலை கிடைக்கும் வரை அவன் சாப்பாட்டுக்கும் அவளே பொறுப்பேற்கிறாள். அதே சொற்களை ஓர் அமைச்சரோ தொழிலதிபரோ பத்தி எழுத்தாளரோ சொல்லும்போது, சொல்பவர் எந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை. போட்டி முதலாளிகளைத் திருத்தும் என்ற வாதமும் முழுப் பொய்யன்று. ஆள் பற்றாக்குறைக் காலங்களில் திறன் மிக்க சிலருக்கு ஊதியம் உயர்ந்தது. அதே மென்பொருள் துறையில், கல்லூரியிலிருந்து நேராக வரும் புதியவர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயை ஒட்டியே நின்றது. அதற்கிடையில் சென்னையில் வீட்டு வாடகை எங்கே போய்விட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போட்டி அவர்களை எட்டவில்லை, ஏனெனில் விலகிப்போய்ச் சேரத்தக்க வேறு இடமும் அதே சம்பளத்தைத்தான் கொடுத்தது.

விலகும் உரிமையில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் தொழிலாளிக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு அதன் பூட்டுகளைத் திறக்கப் பாடுபட வேண்டும். 2019ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, பணியாளர் தாமே விலகினாலும் அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்கிறது. கணக்கு முடிக்க நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் என்று இழுத்தடிப்பதையே வழக்கமாகக் கொண்ட நிறுவனங்கள் அதைப் பின்பற்றச் செய்ய வேண்டுமானால், புகாரை வாங்கி நேரில் போய்ப் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் ஆய்வாளர்கள் வேண்டும். ஆனால் அதே சட்டத்தொகுப்பு ஆய்வாளரை ‘ஆய்வாளர் மற்றும் உதவியாளர்’ என்று மாற்றி, அவருடைய வேலையில் முதலாளிக்கு ஆலோசனை சொல்வதையும் சேர்த்திருக்கிறது. மாநில அளவில் செய்யக்கூடியதும் குறைவன்று. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இன்னும் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. அதில் இருக்கைக்காக 2021இல் ஒரு பிரிவைச் சேர்க்க முடிந்ததைப் போல, பணியாளர் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பு முதலாளி கொடுக்க வேண்டியதை விட நீளக் கூடாது, விலகிய நாளன்றே விடுவிப்புக் கடிதம் தரப்பட வேண்டும், அசல் சான்றிதழை வைத்துக்கொள்வது அபராதத்துக்கும் தண்டனைக்கும் உரிய குற்றம் என்று மூன்று பிரிவுகளைச் சேர்க்கச் சட்டமன்றத்துக்கு ஒரு கூட்டத்தொடர் போதும்.